கார் சாவி தொலைந்தால்: ஷோரூமா, சாவிக்காரரா, புதுப்பேட்டையா?

கார் சாவி தொலைந்துவிட்டது என்றதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "புதுசு போட எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதற்கு விடை சொல்வதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இன்னொரு சாவி கையில் இருக்கிறதா? தொலைந்த சாவி யாருக்காவது கிடைத்தால், அது எந்த வண்டியின் சாவி என்று அவர் கண்டுபிடிக்க வழி உண்டா? ஒரே மாடல் காருக்கு ஒருவர் மூவாயிரத்தில் வேலையை முடிக்கிறார், இன்னொருவர் இருபதாயிரம் கொடுத்துவிட்டு வருகிறார் என்றால், அந்த வித்தியாசம் பெரும்பாலும் கடையால் வருவதில்லை. இந்த இரண்டு விடைகளால் வருகிறது.

அதற்கும் முன்னால், சாவி போனதா இல்லை பேட்டரி போனதா என்று பாருங்கள். பட்டனை அழுத்தினால் கதவு திறக்கவில்லை, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் 'சாவி இல்லை' என்று திரையில் வருகிறது. உடனே புதுச் சாவிக்கு விலை விசாரிக்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. பல சாவிகளில் இருப்பது சி.ஆர். 2032 என்ற காசு வடிவ பேட்டரி. எந்தப் பேன்சி ஸ்டோரிலும் கிடைக்கும். ஸ்மார்ட் சாவியாக இருந்தால், பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கொக்கியைத் தள்ளி இழுத்தால் உள்ளிருந்து ஓர் உலோகச் சாவி உருவிக்கொண்டு வரும். அதை வைத்துக் கதவைத் திறந்து, சாவியின் உடம்பையே ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டி வைத்து அழுத்தினால் நிறைய வண்டிகள் கிளம்பிவிடும். சில வண்டிகளில் அதை வைப்பதற்கு வேறு இடம் இருக்கும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள்.

சாவி உள்ளே மாட்டிக்கொண்டு கதவு பூட்டிக்கொள்வதும் வேறு கதை. அது கதவு திறக்கிற வேலை மட்டும்தான். இன்சூரன்ஸோடு, வழியில் மாட்டிக்கொண்டால் ஆள் அனுப்பும் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் வாங்கியிருந்தால் பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். உள்ளே குழந்தை இருந்தால் மட்டும் யாருக்கும் போன் போட்டுக் காத்திருக்க வேண்டாம், குழந்தைக்குத் தள்ளியிருக்கிற கண்ணாடியை உடைத்துவிடுங்கள்.

ஒரு சாவிக்குள் மூன்று வேலை

சரி, உண்மையாகவே தொலைந்துவிட்டது. இப்போது சாவிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் கடையில் சொல்கிற விலை புரியும்.

முதலாவது, பூட்டுக்குள் போகிற உலோகத் தகடு. இரண்டாவது, கதவைத் தூரத்திலிருந்து பூட்டித் திறக்கிற ரிமோட். இதற்குத்தான் பேட்டரி. மூன்றாவது, பிளாஸ்டிக் தலைக்குள் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒளிந்திருக்கும் சிப். இதற்குப் பேட்டரி கிடையாது. சாவி திருப்பும் இடத்தைச் சுற்றி ஒரு செப்புக் கம்பி வளையம் இருக்கும். அதிலிருந்து வரும் குறைந்த அலைவரிசை மின்காந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தன் அடையாளத்தைத் திருப்பிச் சொல்லும். வண்டியின் கணினிக்கு அது சரியாகப் பட்டால்தான் இன்ஜின் ஓடும். இதைத்தான் இம்மொபிலைசர் என்கிறார்கள். மாருதி தன்னுடையதற்கு ஐகேட்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறது. ரேஷன் கடையில் கார்டை மட்டும் நீட்டினால் போதாது, விரல் ரேகையும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா, அந்த மாதிரிதான். தகடு கார்டு, சிப் கைரேகை.

பழைய மாருதி 800, அம்பாசடர் மாதிரி வண்டிகளில் இந்தச் சிப் தொல்லை கிடையாது. மிதிவண்டிக் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரே அரத்தை வைத்துத் தேய்த்துச் சில நூறு ரூபாய்க்குள் முடித்துவிடுவார். அந்த வண்டிக்காரர்கள் இந்தக் கட்டுரையை மேலே படிக்க வேண்டியதில்லை.

சிப் வெறும் செலவு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் 2011 முதல் 2021 வரை விற்ற ஹூண்டாய், கியா கார்கள் பலவற்றில் இம்மொபிலைசர் இல்லை. யு.எஸ்.பி. கேபிள் முனையை வைத்தே அவற்றைக் கிளப்பும் வீடியோக்கள் பரவின, திருட்டு எக்கச்சக்கமாகக் கூடியது, 2023-இல் அந்த இரண்டு கம்பெனிகளும் சுமார் 20 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டன. நம் ஊரில் சாவி போட ஆகும் சில ஆயிரம் அந்தச் சிப்புக்கான விலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சாவி கையில் இருந்தால்

இதுதான் நல்ல நிலைமை. அவசரம் இல்லை, வண்டி ஓடுகிறது, யாரிடம் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போகலாம். இங்கே உண்மையான போட்டி இரண்டு பேருக்குத்தான்: கம்பெனி ஷோரூம், வெளியில் சிப் சாவி போடும் சாவிக்காரர்.

ஷோரூமில் ஆர்.சி., ஆதார் நகல் கேட்பார்கள். சில இடங்களில் காவல் நிலைய ரசீதும் கேட்பார்கள். சேசிஸ் நம்பரையோ சாவி நம்பரையோ வைத்துக் கம்பெனிக்கு ஆர்டர் போடுவார்கள். சாவி வருவதற்குச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். வந்தபின் வண்டியைக் கொண்டுபோய் விட்டால் கணினியில் பதிந்து கொடுப்பார்கள். சாதாரண சிப் சாவிக்கு ஏறத்தாழ மூவாயிரத்திலிருந்து ஏழாயிரம், பட்டன் ஸ்டார்ட் வண்டியின் ஸ்மார்ட் சாவிக்கு எட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் என்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாடலுக்கு மாடல் இது நிறையவே மாறும் என்பதால் பார்ட்ஸ் கவுண்டரில் சேசிஸ் நம்பரைச் சொல்லி எழுத்தில் விலை வாங்குவதுதான் சரி.

சாவிக்காரரிடம் அதே சாதாரண சிப் சாவி ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறிலிருந்து நான்காயிரத்துக்குள். ஒரு மணி நேர வேலை, வீட்டுக்கே வருவார். சென்னையில் ஜி.பி. ரோட்டிலும், கோவை, மதுரை, திருச்சி என்று எல்லாப் பெரிய ஊர்களிலும் இப்போது கையில் டேப்லெட்டோடு இந்த வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வண்டியின் கணினியோடு பேசுவதற்காக ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. துளையில் வயரைச் செருகி, ஷோரூமில் செய்கிற அதே பதிவு வேலையைச் செய்வார்கள்.

அப்படியானால் எதற்கு ஷோரூம்? விலையை மட்டும் பார்த்தால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் இரண்டு இடத்தில் ஷோரூமுக்குப் பலம் இருக்கிறது. ஒன்று, தகடு. ஷோரூமிலிருந்து வருவது எண்ணை வைத்து வெட்டியது. வண்டி டெலிவரி ஆன அன்று இருந்த அதே வெட்டு. சாவிக்காரர் பெரும்பாலும் உங்களிடம் இருக்கும் சாவியைப் பார்த்து வெட்டுகிறார். எட்டு வருஷம் தேய்ந்த சாவிக்குப் பிறக்கும் பிள்ளையும் தேய்ந்தே பிறக்கும். முதலில் நன்றாகத் திரும்பும், அப்புறம் டிக்கியில் மக்கர் பண்ணும். நல்ல சாவிக்காரர் என்றால் தேய்மானத்தைக் கழித்து, மூல எண்ணைக் கண்டுபிடித்து மெஷினில் போட்டு வெட்டுவார். "பார்த்து வெட்டுறீங்களா, கோட் நம்பர் போட்டு வெட்டுறீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே அவர் எந்த ரகம் என்று தெரிந்துவிடும். புது வண்டியோடு சாவியில் ஒரு சின்ன உலோகத் துண்டோ பிளாஸ்டிக் அட்டையோ எண் பொறித்துக் கட்டியிருப்பார்களே, அதைப் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. அந்த எண்ணைக் கொடுத்தால் போதும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். புதுச் சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்த இரண்டு வழி இருக்கிறது. புதுச் சிப்பை வண்டியின் கணினியில் தனியாகப் பதிவது ஒன்று. இருக்கும் சிப்பை அப்படியே நகல் எடுத்து, அதாவது குளோன் செய்து, கொடுத்துவிடுவது இன்னொன்று. குளோன் மலிவு, வேகம், வண்டியைத் தொடவே வேண்டாம். ஆனால் குளோன் செய்த சாவிக்கும் மூலச் சாவிக்கும் வண்டிக்கு வித்தியாசம் தெரியாது. கணினியைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை. தொலைந்த சாவியும் பதிவிலேயே இருக்கும், எடுத்தவர் கையில் அது முழு உயிரோடு இருக்கும். பதிவு செய்யும் முறையில் மட்டும்தான் தொலைந்ததை அழிக்க முடியும்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி, "பழைய சாவியை டெலீட் பண்ணித் தருவீங்களா?" என்பதுதான். ஹூண்டாய், ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகள் மாதிரிச் சிலவற்றில் புதுச் சாவி பதியும்போது எல்லாச் சாவிகளையும் ஒரே மூச்சில் மறுபடி காட்ட வேண்டும். காட்டாதது தானாகவே பதிவிலிருந்து விழுந்துவிடும். இது நமக்கு நல்லதுதான். ஆனால் மனைவியின் கைப்பையில் இருக்கும் இரண்டாவது சாவியை வீட்டில் விட்டுவிட்டு ஷோரூமுக்குப் போனால் அதுவும் சேர்ந்து செத்துவிடும். இருக்கும் அத்தனை சாவியையும் கொண்டுபோங்கள். வேலை முடிந்ததும் எத்தனை சாவி பதிவில் இருக்கிறது என்பதை டேப்லெட் திரையிலேயே பல வண்டிகளில் பார்க்கலாம். உங்கள் கையில் இரண்டு இருந்து திரையில் மூன்று என்று இருந்தால் பணத்தை எண்ணாமல் நில்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவசர காலத்துக்கு அலமாரியில் வைக்கத்தான் இரண்டாவது சாவி என்றால், ரிமோட் இல்லாத வெறும் சிப் சாவியே போதும். பாதி விலைக்கு வரும். கதவைக் கையால் திறந்தால் கை தேய்ந்துவிடாது. சாவி போட்டுத் திருப்பும் வண்டிகளுக்குத்தான் இது. பட்டன் ஸ்டார்ட் வண்டிக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

ஒரு சாவியும் இல்லை என்றால்

தொழிலில் இதற்கு 'ஆல் கீ லாஸ்ட்' என்று பெயர். விலை இங்கேதான் எகிறும். நகல் எடுக்கச் சாவி இல்லை, வண்டியை ஓட்டிக்கொண்டு போக வழி இல்லை, ஸ்டீயரிங் பூட்டிக் கிடக்கிறது.

ஷோரூமுக்குப் போவதானால் முதலில் வண்டியை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஸ்டீயரிங் பூட்டிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்க முடியாது, தட்டு வைத்த ரெக்கவரி லாரிதான் வர வேண்டும். ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருந்தால் குறிப்பிட்ட கிலோமீட்டர் வரை இலவசம், அதற்கு மேல் நம் பை. அப்புறம் சாவி வரும் வரை வண்டி அங்கேயே நிற்கும். சில மாடல்களில், குறிப்பாகக் கொஞ்சம் பழையவற்றில், "லாக் செட் முழுசா மாத்தணும், கூட ஈ.சி.யு.வும் மாத்தணும்" என்பார்கள். ஈ.சி.யு. என்பது வண்டியின் கணினிதான். இருபதாயிரம் என்கிற கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. சில சமயம் கம்பெனியின் நடைமுறையே அதுதான். சில சமயம் அந்தக் கிளையில் அதைத் தவிர வேறு எதையும் செய்து பழக்கமில்லை. அதே கம்பெனியின் வேறொரு டீலரிடம் போனில் விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு திருச்செந்தூர் போனபோது கடலில் குளிக்கையில் சாவியை விட்டுவிட்டார். இரண்டாவது சாவி ஊரில்கூட இல்லை, அது எப்போதோ தொலைந்து, "ஒண்ணு இருக்கே" என்று விட்டுவிட்டது. அவர் விசாரித்த ஷோரூமில் சொன்னது லாக் செட்டும் ஈ.சி.யு.வும். தூத்துக்குடியிலிருந்து பைக்கில் ஒரு தம்பி வந்தார். நானும் அந்தப் பயணத்தில் கூட இருந்ததால் அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வந்ததும் வண்டியைத் தொடவில்லை. "ஆர்.சி. காட்டுங்கண்ணே, ஆதாரும்" என்றார். போனில் இருந்த ஆர்.சி.யை வாங்கிப் பார்த்து, முன் கண்ணாடிக்குக் கீழே தெரிந்த சேசிஸ் நம்பரோடு ஒப்பிட்டு, இரண்டையும் படம் எடுத்துக்கொண்டார். பிறகு டிரைவர் கதவுப் பூட்டுக்குள், பக்கவாட்டில் கோடு கோடாக அளவு போட்ட ஒரு மெல்லிய கருவியை நுழைத்தார். லிஷி என்கிறார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு தகட்டையும் மெல்லத் தடவி, அது எந்த ஆழத்தில் நிற்கிறது என்று பார்த்து, "மூணு… ஒண்ணு… ரெண்டு… ரெண்டு…" என்று முணுமுணுத்துக்கொண்டே டீக்கடை பில்லின் பின்புறம் எழுதினார். அலாரம் ஒருமுறை அலறியது, கூட்டம் சேர்ந்தது, அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த எண் வரிசையைப் பெட்டிக்குள்ளிருந்த கையடக்க வெட்டு மெஷினில் போட்டு, வெற்றுச் சாவி ஒன்றை மாட்டினார். வெட்டி வந்ததைத் துணியில் துடைத்து, பூட்டில் விட்டுத் திருப்பினார். திரும்பியது. ஆனால் இன்ஜின் ஓடவில்லை, டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. டேப்லெட்டை ஓ.பி.டி.யில் மாட்டி, புதுச் சாவி பதிய வண்டி கேட்கும் பாதுகாப்பு எண்ணைப் படித்து, பதிவிலிருந்த பழைய சாவிகளை அழித்துவிட்டு, புதிதாக இரண்டைப் பதிந்தார். அடுத்த முறை சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு ஒரு தரம் எரிந்து அணைந்தது, வண்டி கிளம்பியது. ஷோரூம் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை, வந்துபோகும் செலவு உட்பட.

எல்லா வண்டியிலும் இவ்வளவு எளிதில் முடியாது. அந்தப் பாதுகாப்பு எண் எங்கே கிடைக்கும் என்பதைப் பொறுத்துத்தான் இந்த வேலையின் விலையே. ஹூண்டாய், கியாவில் அது ஆறு இலக்கம், சேசிஸ் நம்பரை வைத்து எடுக்கலாம். சில வண்டிகளில் டேப்லெட்டே படித்துவிடும். இன்னும் சிலவற்றில் கணினிப் பெட்டியைக் கழற்றித் திறந்து, உள்ளிருக்கும் மெமரி சிப்பை நேரடியாகப் படிக்க வேண்டும். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் இந்தக் கடைசி வேலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பெட்டியின் சீல் உடைந்ததை நாளைக்கு அவர்கள் காட்டினால் பதில் சொல்ல முடியாது. பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் மாதிரி வண்டிகளுக்குச் சாவி சேசிஸ் நம்பரோடு கட்டியே கம்பெனியிலிருந்து வருகிறது. விலை ஐம்பதாயிரம் தாண்டினாலும் நான் ஷோரூமுக்கே போகச் சொல்வேன். அந்தக் கணினிகளில் கை தவறினால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சாவியின் விலை சில்லறை.

சாவிக்காரரைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஆர்.சி. கேட்காமல் வேலையைத் தொடங்குகிறவரை அனுப்பிவிடுங்கள். உங்கள் வண்டிக்குக் கேள்வி கேட்காமல் சாவி போடுகிறவர், உங்கள் வண்டிக்கு வேறொருவர் வந்து கேட்டாலும் போட்டுக் கொடுப்பார்.

ஆன்லைன், புதுப்பேட்டை

ஆன்லைனில் முந்நூறு நானூறு ரூபாய்க்குப் பளபளவென்று சாவி தெரியும். படத்தில் கம்பெனி முத்திரை வேறு இருக்கும். அது பெரும்பாலும் வெறும் கூடு. உள்ளே சிப்பும் இல்லை, சர்க்யூட்டும் இல்லை. பட்டன் ரப்பர் கிழிந்த பழைய சாவிக்குச் சட்டை மாற்றத்தான் அது உதவும். சிப்போடு வருகிற வெற்று ரிமோட்டுகளும் கிடைக்கின்றன, ஆனால் உங்கள் மாடலுக்கு எந்த ரகச் சிப், எந்த அலைவரிசை என்று சரியாகத் தெரியாமல் வாங்கினால் காசு போனதுதான். வாங்குவதற்கு முன் சாவிக்காரரிடம் இணைப்பை அனுப்பி, "இதுக்கு கோடிங் போடுவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். பலர் தாங்கள் கொண்டுவரும் சாவிக்குத்தான் உத்தரவாதம் தருவார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

சென்னையில் பழைய வண்டிகளை உடைத்துப் பாகம் விற்கும் புதுப்பேட்டையில் பழைய சாவி கிடைக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. சாவி கிடைக்கும், ஆனால் ஒரு வண்டியில் பதிந்த சிப் பல ரகங்களில் பூட்டிக்கொள்ளும். இன்னொரு வண்டியில் மறுபடி பதியாது. அங்கே அர்த்தமுள்ள ஒரே பேரம், உடைத்த ஒரே வண்டியிலிருந்து கணினி, பூட்டுகள், சாவி மூன்றையும் செட்டாக வாங்கி மாற்றுவது. பதினைந்து வருஷப் பழைய வண்டி, கம்பெனியில் பாகமே வருவதில்லை என்றால் இதை யோசிக்கலாம். மற்றபடி வேண்டாம். உங்கள் சேசிஸ் நம்பர் ஒன்று, கணினிக்குள் இருக்கும் நம்பர் இன்னொன்று என்று நிற்கும் வண்டியை விற்கும்போதும், இன்சூரன்ஸ் கேட்கும்போதும் தலைவலி வரும்.

ரசீதும் இன்சூரன்ஸும்

"சாவிக்குப் போய் யாராவது போலீஸ் ஸ்டேஷன் போவார்களா?" என்று நினைப்பது இயல்பு. போகச் சொல்வேன். வண்டி திருடுபோய் இன்சூரன்ஸ் கேட்டால், கம்பெனிகள் வழக்கமாகக் கேட்பது வண்டியோடு வந்த இரண்டு சாவிகளையும். ஒன்றைத்தான் காட்ட முடிகிறது, மற்றது தொலைந்ததற்கு எழுத்தில் எதுவும் இல்லை என்றால் கேள்விகள் நீளும்; சாவியை அலட்சியமாக விட்டீர்கள் என்று பணத்தைக் குறைக்கவோ மறுக்கவோ அது காரணமாகிவிடும். தொலைந்த உடனே நிலையத்தில் எழுதிக் கொடுத்து, மனுவை வாங்கிக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி வைத்துவிட்டால் அந்தத் தேதி உங்கள் பக்கம் பேசும். கூடவே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு மெயில். பத்து லட்சம் ரூபாய் வண்டிக்கு இது பெரிய வேலை இல்லை.

கீ ரீப்ளேஸ்மென்ட் என்று ஒரு கூடுதல் கவர் இருக்கிறது. முழு இன்சூரன்ஸோடு வாங்கலாம், வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியோடு கிடைக்காது. தொலைந்த பிறகு வாங்கிப் பயனில்லை. பிரீமியம் சில நூறு ரூபாய்தான். வருஷத்துக்கு இத்தனை முறை, இவ்வளவு தொகை வரை என்று வரம்பு இருக்கும். ரசீதும் கேட்பார்கள், பெரும்பாலும் ஷோரூம் பில்லும் கேட்பார்கள். வெளியில் மூவாயிரத்தில் முடிகிற சாதாரண சாவி வண்டிக்கு நான் இதை வாங்க மாட்டேன். ஸ்மார்ட் சாவி வண்டி என்றால் யோசிக்காமல் வாங்குவேன், ஏனென்றால் இதில் சாவி மட்டுமல்ல, தேவைப்பட்டால் பூட்டு மாற்றும் செலவும் அடங்கும்.

பூட்டையும் மாற்ற வேண்டுமா?

ஆரம்பத்தில் சொன்ன இரண்டாவது கேள்வி இங்கேதான் வருகிறது. கணினியிலிருந்து அழித்த சாவி வண்டியைக் கிளப்பாது. ஆனால் அதன் உலோகத் தகடு கதவுப் பூட்டில் இன்னும் பொருந்தும். கதவைத் திறந்து உள்ளே இருக்கும் லேப்டாப்பை எடுக்க இன்ஜின் ஓட வேண்டியதில்லை.

கடலில் போன சாவிக்கு இந்தக் கவலை கிடையாது. வெளியூர் பஸ் ஸ்டாண்டில் விழுந்ததற்கும் பெரும்பாலும் கிடையாது. எடுத்தவருக்கு உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாது. ஆனால் வீட்டுச் சாவியோடு, அபார்ட்மென்ட் பெயர் போட்ட கொத்தில் போயிருந்தாலோ, ஆர்.சி. நகல் இருந்த பர்ஸோடு போயிருந்தாலோ, வேலையை விட்டுப் போன டிரைவரிடம் இருந்து திரும்பாமல் போயிருந்தாலோ கணக்கு வேறு. அப்போது கதவுப் பூட்டையும் மாற்றுங்கள். ஷோரூமில் முழு லாக் செட் என்பார்கள். நல்ல சாவிக்காரர், இருக்கும் பூட்டையே கழற்றி உள்ளே தகடுகளை இடம் மாற்றிப் போட்டுப் புது வெட்டுக்கு ஏற்றதாக்கித் தருவார். செலவு அதில் ஒரு பங்குதான்.

ஆக, இன்னொரு சாவி இருக்கிறது, சாதாரண சிப் வண்டி, வாரண்டி முடிந்துவிட்டது என்றால் நான் போவது ஆர்.சி. கேட்கும் சாவிக்காரரிடம், குளோன் வேண்டாம், பதிந்து பழையதை அழிக்கச் சொல்வேன். வாரண்டியில் இருக்கும் வண்டி, ஸ்மார்ட் சாவி, கவர் இருக்கிறது என்றால் ஷோரூம். ஒரு சாவியும் இல்லாமல் வெளியூரில் மாட்டிக்கொண்டால் முதலில் ரோட்சைடு அசிஸ்டன்ஸுக்கு ஒரு போன், அடுத்தது அந்த ஊர் சாவிக்காரர். பழைய கார் வாங்கப் போய், விற்பவர் ஒரே சாவியை நீட்டினால், இரண்டாவது சாவி போடும் செலவையும் பழையதை அழிக்கும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். "தேடித் தர்றேன் சார்" என்று சொன்ன சாவி தேடிக் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

புதுச் சாவி போட்டு முடித்த பிறகு பழையது சோபா இடுக்கில் கிடைத்தால் தூக்கிப் போட வேண்டாம். பதிவிலிருந்து அழித்திருந்தாலும் அதே வண்டியில் பெரும்பாலும் மறுபடி பதிந்துகொள்ளலாம். சி.எஸ்.ஆர். கொடுத்திருந்தால் சாவி கிடைத்துவிட்டது என்று நிலையத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிச் சொல்லிவிடுங்கள்.